நூற்றுப் பதினேழாம் எண் இலுப்பை

இலுப்பைக் கொட்டை பொறுக்கப் போனபோதுதான் சாரதாமணி அந்தச் சிவப்பைப் பார்த்தாள்.

ஆனி மாதக் கடைசி. காங்கேயம் பக்கம் மேல்காற்று எழும்பிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் முழுக்க மரம் பழங்களை உதிர்த்திருந்தது. வவ்வால்கள் சதையைச் சப்பிவிட்டுப் போட்ட கொட்டைகள் பழுப்பு நிறத்தில், எண்ணெய் தடவின மாதிரி, சருகுக்கு நடுவே மின்னின. குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டே மரத்தின் கிழக்குப் பக்கம் வந்தவள் நிமிர்ந்தாள். அவள் நெஞ்சு உயரத்தில் ஒரு பெருக்கல் குறி. பெயின்ட் இன்னும் காயவில்லை. அதன் கீழே 117 என்று எழுதியிருந்தது.

கூடையைக் கீழே வைத்தாள்.

சற்றுத் தள்ளிப் பெயின்ட் டப்பாவோடு ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு.

“ஏனுங்க தம்பி, இது யாருங்க போட்டது?”

“நாந்தாங்க்கா.” அவன் திரும்பி வந்தான். பெயர் மாரிச்செல்வம், தூத்துக்குடிப் பக்கம், மரம் வெட்டும் காண்ட்ராக்டரிடம் வேலை என்று சொன்னான். “வியாழக்கிழமை மிஷின் வருது. கம்பெனிக்குத் தையல் ஷெட்டு கட்டுதாவ இல்லா, அதுக்கு.”

“பாதி மரம் நிக்கும்னுதானே சொன்னாங்க?”

“நிக்கும். நூத்தி நாப்பது நிக்குது, எழுபத்திரெண்டு போவுது. லிஸ்ட்டு இருக்குக்கா.” சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினான். “இந்தா, நூத்திப் பதினேழு. வெட்டுத மரத்துல இருக்கு.”

சாரதாமணிக்கு அந்தக் காகிதத்தில் ஒன்றும் புரியவில்லை. மரத்தைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

“இதையா?” என்றாள்.

அவனும் அண்ணாந்து பார்த்தான். பெயின்ட் அடிக்கும்போது அவனும் ஒருமுறை அப்படி அண்ணாந்திருப்பான் போல. குரல் இறங்கியது. “என் மேல கோவப்படாதிய. நான் லிஸ்ட்டுல உள்ளதைத்தான் போடுதேன்.”

சற்று நின்றான். பிறகு காகிதத்தின் அடியைக் காட்டினான். “இந்த லிஸ்ட்டைப் போட்டது இந்த அம்மா. கையெழுத்தும் இருக்கு, போன் நம்பரும் இருக்கு. குறிச்சிக்கிடுங்க. வியாழக்கிழமை இந்த மூலையில இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்லிருக்காவ. நான் அந்தக் கடைசியில இருந்து வாரேன். அதான் என்னால முடியும்.”

அந்த ஒரு சொல்லுக்காக அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று சாரதாமணி அப்போதே மனதுக்குள் முருகனிடம் சொல்லிக்கொண்டாள்.

*

வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம் இறக்கி நெய் விட்டிருந்தது. அவள் கணவர் அப்புசாமி தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான்கு வருடம் முன்பு மேற்குப் பக்கத்து நாலு ஏக்கரையும் பனியன் கம்பெனிக்குக் கொடுத்தவர் அவர்தான். இலுப்பை அந்த நாலு ஏக்கரின் ஓரத்தில், இவர்கள் வேலியை ஒட்டி நின்றது.

“மரமும் சேத்தித்தானே குடுத்தோம் சாரதா. இப்பப் போயி என்னத்தைக் கேக்கறது?”

“அந்தக் கம்பெனி மொதலாளி நிர்மலாம்மா வாக்குக் குடுத்தாங்களே மாமா, நல்ல மரம் ஒண்ணும் போகாதுன்னு. நம்மூட்டு வாசல்ல நின்னுதானே சொன்னாங்க?”

“சொன்னாங்க. எது நல்ல மரம்னு நாங்க பாக்க மாட்டோம், கம்ப்யூட்டர் பாத்துச் சொல்லும், ஒருத்தருக்கு ஒருத்தரு பாரபட்சம் வராதுன்னு அதையும் சொன்னாங்க. கம்ப்யூட்டர் வேண்டாங்குது போல.”

“இந்த மரத்தையா?”

“என்னையக் கேட்டா?”

“அந்தக் கம்ப்யூட்டர் மரத்தைப் பாத்துச்சா, காயிதத்தைப் பாத்துச்சா?”

அப்புசாமி சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் உண்டார். “ஆடிக் கிருத்திகைக்கு எண்ணெய் ஆயிருமா?” என்று வேறு பேச்சு எடுத்தார்.

அந்தப் பேச்சும் மரத்தில்தான் போய் முட்டியது. பத்தொன்பது வருடமாக ஊர் முருகன் கோயிலுக்கு ஆடிக் கிருத்திகைக்கும் கார்த்திகைக்கும் இலுப்பெண்ணெய் சாரதாமணி வீட்டிலிருந்துதான் போகிறது. கொட்டை பொறுக்கி, உடைத்து, பருப்பை நான்கு வெயில் காயவைக்க வேண்டும். காங்கேயத்துச் செக்குக்காரர் தேங்காய் ஆட்டும் செக்கில் இலுப்பையைப் போட மாட்டார், கசப்பு ஏறிவிடும். மாதத்தில் ஒருநாள் செக்கைக் கழுவுவார். அதற்கு முந்தின நாள் இவளுக்காகவே போன் செய்து, “கொண்டுட்டு வாங்கம்மிணி” என்பார். இவள் ஒருமுறையும் கேட்டதில்லை. அவராகச் செய்வது.

பங்குனியில் பூ உதிரும்போது பக்கத்து மில் விடுதியிலிருந்து ஒடிசாப் பெண்கள் வருவார்கள். முதல் வருடம் ஒருத்தி பூவை வாயில் போட்டுக்கொண்டு, “மஹுவா, மஹுவா” என்று சொல்லி அழுதாள். அவள் ஊரிலும் அந்த மரம் இருந்ததாம். அதற்குப் பிறகு பூக்காலத்தில் வேலிப்படலைச் சாரதாமணி கட்டுவதே இல்லை.

சாப்பிட்டு எழுந்ததும் அவள் கொல்லைக்குப் போய்த் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்தாள்.

“அது எதுக்கு?” என்றார் அப்புசாமி.

“கம்ப்யூட்டருக்குக் காட்டறதுக்கு.”

*

புதன்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் திருப்பூர் போய் இறங்கினாள். கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம் பட்டியலின் அடியில் இருந்த பெயரைச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு மாடி ஏறினாள். கையில் மஞ்சள் பை. பைக்குள் கயிறு.

பட்டியலில் கையெழுத்துப் போட்டிருந்த அனுப்ரியாவுக்கு இருபத்தாறு வயது. சோமனூரில் தறி ஓட்டும் குடும்பம். பனியன்களின் அளவைச் சரிபார்க்கும் மென்பொருளை அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வெளிநாட்டில் துணி வாங்கும் பையர்கள், புது ஷெட் கட்டும் இடத்தில் மரங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டபோது அந்த வேலையும் அவளுக்கே வந்தது.

“உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?”

“பரவால்லீங்க கண்ணு. நூத்திப் பதினேழுன்னு ஒரு மரம். இலுப்பை. அதைய ஏன் வெட்டறீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. அனுப்ரியா பட்டியலைத் திறந்தாள்.

“ஒவ்வொரு மரமும் எத்தனை கிலோ இருக்கும்னு கணக்குப் போட்டமுங்கம்மா. எடை அதிகமா இருக்கறது நிக்கோணும், கம்மியா இருக்கறது போகோணும். அப்படித்தான் பிரிச்சது.”

“மரத்தை எப்படிங்க எடை போட்டீங்க?”

“நிக்கற மரத்தை எடை போட முடியாதுங்க. அடிமரத்தோட சுத்தளவை எடுத்து, அதுல இருந்து குறுக்களவு, அப்பறம் உயரம், கட்டையோட தன்மை. எல்லாத்தையும் ஒரு ஃபார்முலாவுல போட்டா கிலோ வருமுங்க. சுத்தளவை நம்ம செக்கிங் புள்ளைங்க ரெண்டு பேரு வந்து எடுத்தாங்க. தரையில இருந்து நாலரை அடி மேல எடுக்கோணும். நெஞ்சளவுன்னே அதுக்குப் பேரு.”

“பனியனாட்டவே.”

“ஆமாங்க.” அனுப்ரியா சிரித்தாள். “பனியனாட்டவே.”

நூற்றுப் பதினேழாவது வரிசைக்கு வந்து நின்றாள்.

“இதுல எடை பூஜ்யம்னு இருக்குதுங்களே.”

“பூஜ்யமா?”

“ஆமாங்க.”

சாரதாமணி மஞ்சள் பையை மடியில் எடுத்து வைத்தாள். “அது பூஜ்யம் இல்லீங்க கண்ணு” என்றாள். வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். “மரத்தைச் சுத்தி, முனை கூடற எடத்துல முடிச்சுப் போட்டு வெச்சிருக்கறேன். சித்தெ இதைப் பாருங்க.”

அந்த அறையில் கயிற்றை விரிக்க இடம் போதவில்லை. கீழே செக்கிங் பகுதிக்குப் போனார்கள். நீளமான வெள்ளை மேஜைகள். பெண்கள் நின்றபடி பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கழுத்தில் தொங்கும் டேப்பால் அளந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயசுதா என்ற சூப்பர்வைசர் ஒரு மேஜையைக் காலி செய்து கொடுத்தாள். சாரதாமணி கயிற்றின் ஒரு முனையை மேஜை விளிம்பில் பிடித்துக்கொள்ள, அனுப்ரியா மறுமுனையோடு நடந்தாள். மேஜை முடிந்தது. கயிறு முடியவில்லை. அடுத்த மேஜைக்கும் தாண்டிப் போனாள்.

பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

“என்ன ஜெயாக்கா, யாருக்குப் பனியன்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மரத்துக்கு.”

“எந்தச் சைஸ்ல வருமாம்?”

“நம்ம சார்ட்டுல இல்லாத சைஸ்.”

எல்லோரும் சிரித்தார்கள். அனுப்ரியா சிரிக்கவில்லை. ஜெயசுதா தன் கழுத்து டேப்பை வைத்து அளந்தாள். நூற்றைம்பது சென்டிமீட்டர் டேப். மூன்று முறை முழுதாகப் போய், நாலாவது முறை நூற்று முப்பத்து நாலில் முடிச்சு வந்தது.

“ஐநூத்தி எம்பத்தி நாலு” என்றாள் ஜெயசுதா. “நான் அன்னைக்கே அதைத்தானே எழுதிக் குடுத்தேன் அனு. நானும் கவிதாவும் கட்டிப் புடிச்சு அளந்தோம்.”

அப்போதுதான் அனுப்ரியாவுக்கு விளங்கியது.

சுற்றளவு ஐநூற்று எண்பத்து நாலு என்றால் குறுக்களவு நூற்று எண்பத்தாறு. அவள் எடுத்த சமன்பாடு ஐந்து சென்டிமீட்டரிலிருந்து அறுபது சென்டிமீட்டர் வரைக்கும்தான் செல்லும். அந்த எல்லையை அவள் மறக்கவில்லை. மென்பொருளில் எழுதித்தான் வைத்திருந்தாள். ஆனால் எழுதியது பனியன் வழக்கப்படி. அளவு சார்ட்டுக்கு வெளியே போன பீஸ் ரிஜெக்ட். சின்னதாகப் போனாலும் ரிஜெக்ட், பெரியதாகப் போனாலும் ரிஜெக்ட். ஐந்துக்குக் குறைந்த வேப்பங்கன்றுகள் முப்பதும் இந்த இலுப்பையும் ஒரே கூடையில் விழுந்திருந்தன. எல்லாவற்றுக்கும் பூஜ்யம். பட்டியல் அனுப்பும் முன் அந்த நூற்று எண்பத்தாறை அவள் ஒருமுறை பார்க்கவும் செய்தாள். அளவு தப்பாக எடுத்த பீஸ் என்று நினைத்து நகர்ந்துவிட்டாள்.

“நான் நேர்ல வந்து பாக்கலீங்கம்மா” என்றாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “என்ர தப்புங்க.”

சாரதாமணி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “இப்பத்தான் பாத்துட்டீங்களே கண்ணு” என்றாள்.

*

மேனேஜர் அருள்குமார் கெட்டவர் இல்லை. அவருக்கு நாள் முழுக்க ஏதாவது ஒரு கப்பல் கிளம்பிக்கொண்டே இருந்தது.

“பூஜ்யம் தப்புன்னா அறுபதுன்னு வெச்சுக் கணக்குப் போடு. மேல் எல்லைதானே? எவ்வளவு வருது?”

“ரெண்டாயிரத்தி அறுநூறு கிலோ சார். ஆனா அது அறுபது சென்டிமீட்டர் மரத்தோட எடைங்க. இந்த மரத்தோடது இல்ல.”

“அப்ப எல்லையை எடுத்துட்டுப் போடு.”

அவள் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தாள். “இருபத்தி நாலாயிரம் வருதுங்க.”

அருள்குமார் நிமிர்ந்தார். “இருபத்தி நாலு டன்னா? ஒத்தை மரமா? அதையே போடு அனு. பையர் அசந்து போயிருவாங்க.”

“அது வெறும் கோடு நீட்டறது சார். அந்தச் சைஸ்ல அந்தக் கணக்கு சரியா வருமான்னு யாருக்கும் தெரியாதுங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எப்படிங்க எழுதறது?”

“பூஜ்யமும் கூடாது, அறுபதும் கூடாது, இருபத்தி நாலும் கூடாது. அப்ப என்னதான் எழுதுவ?”

“யோசிச்சுச் சொல்றனுங்க. ஆனா நாளைக்குக் காலையில வெட்டறதை நிறுத்தோணும் சார்.”

“பையருக்குப் போன லிஸ்ட்டு அது. நிர்மலா மேடம் பிளைட்ல இருக்காங்க. நாளைக்கு மத்தியானம் மீட்டிங்ல பேசலாம்.”

“மத்தியானம் மரம் இருக்காதுங்க.”

அவர் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அனுப்ரியா மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டாள். “எழுத்துல வேணும்மா. லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டவிய கையெழுத்துப் போட்டு நிறுத்தச் சொன்னா நிறுத்தலாம். வாயால சொன்னதுக்கு நிறுத்துனா என் வேலை போயிரும்” என்றான் அவன்.

நிர்மலா மேடத்துக்கு நடந்தது எல்லாவற்றையும், தன் தவற்றையும் சேர்த்து, ஒரு நீளமான செய்தியாக அனுப்பினாள். ஒரே ஒரு டிக் விழுந்தது.

பஸ் ஏற்றிவிட வந்தபோது சாரதாமணியிடம், “காலையில நான் வர்றனுங்கம்மா” என்றாள்.

“வாங்க கண்ணு.” அவ்வளவுதான். நிச்சயமாக வருவாயா என்று சாரதாமணி கேட்கவில்லை.

*

வியாழக்கிழமை ஏழு மணிக்கே மிஷின் வாளின் சத்தம் கேட்டது. மாரிச்செல்வம் சொன்னபடியே மேற்குக் கடைசியிலிருந்து வந்தான். முதலில் சீமைக்கருவேல்கள், பிறகு காய்ந்துபோன தென்னைகள். ஒவ்வொன்று விழும்போதும் சாரதாமணி வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று கேட்டாள். அப்புசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். காட்டிய மாட்டுக்கே மறுபடியும் காட்டினார்.

ஒன்பதரைக்குச் சத்தம் வேலி ஓரம் வந்துவிட்டது. நூற்றுப் பதினாறாம் எண் பூவரசு சரிந்தது. பிறகு வாள் நின்றது. மாரிச்செல்வம் இலுப்பையின் அடியில் உட்கார்ந்து செயினைக் கழற்றி ராவத் தொடங்கினான்.

“மழுங்கிட்டா?” என்றார் அப்புசாமி.

“இல்ல அண்ணாச்சி. இருந்தாலும் ஒருக்கா ராவிக்கிடுதேன்.” ஒவ்வொரு பல்லாக, அவசரமில்லாமல் ராவினான். காண்ட்ராக்டரின் மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினார். “ஆச்சு, ஆச்சு” என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்த பல்லுக்குப் போனான்.

பத்து மணிக்கு ஸ்கூட்டி வந்தது. வழியில் பஞ்சராம். அனுப்ரியாவின் சுடிதார் முழுக்கப் புழுதி. இறங்கியவள் மாரிச்செல்வத்தின் கையிலிருந்த பட்டியலை வாங்கி ஸ்கூட்டி சீட்டில் வைத்து, நூற்றுப் பதினேழைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: ‘இந்த மரத்தின் கணக்கு தவறு. தவறு என்னுடையது. வெட்டக் கூடாது.’ தேதி, மணி, கையெழுத்து.

“போதுங்களா?”

“போதும்மா. இதுக்கு மேல என்ன வேணும்?” அவன் வாளைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான்.

அதற்குப் பிறகுதான் அனுப்ரியா மரத்தைப் பார்த்தாள்.

பார்த்தாள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட முடியாது. அடிமரத்தைப் பார்க்கக் கண்ணை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பட்டைகள் வாய்க்கால் வாய்க்காலாக வெடித்து, ஒவ்வொரு வெடிப்பிலும் எறும்பு ஒரு ஊராக ஓடியது. இருபது அடிக்கு மேல் கிளைகள் பிரிந்தன. அந்தக் கிளைகளே தனித்தனி மரங்களின் பருமன். காற்று வந்தபோது மேலே இலைகள் அத்தனையும் சத்தம் போட்டன, கீழே அடிமரத்தில் ஒரு மயிரிழை அசைவும் இல்லை. அவள் கையை வைத்தாள். பட்டை காலை வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. இரண்டு கையையும் விரித்துக் கட்டிப் பார்த்தாள். கன்னம் பட்டையில் அழுந்தியது. கைக்குள் வந்தது மரத்தில் கால்பங்குதான்.

இதற்குத்தான் பூஜ்யம் போட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது. கடவுள் கோபித்துக்கொள்வதில்லை, நாம் வந்து பார்க்கும் வரை நின்றுகொண்டிருக்கிறார்.

போன் அதிர்ந்தது. நிர்மலா மேடம். ‘படித்தேன். மரம் நிற்கட்டும். ஷெட்டை மேற்கே தள்ளிக்கொள்ளலாம். பையருக்குத் திருத்தம் உன் பெயரிலேயே அனுப்பு.’

அவள் வாய்விட்டுப் படித்தாள். அப்புசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சாரதாமணி உள்ளே போய் மூன்று டம்ளர் மோர் கொண்டுவந்தாள். முதல் டம்ளரை மாரிச்செல்வத்திடம் கொடுத்தாள்.

எல்லோரும் நிழலில் உட்கார்ந்தார்கள்.

“அப்ப இப்ப எத்தனை கிலோன்னுங்க எழுதுவீங்க?” என்றார் அப்புசாமி.

“ரெண்டாயிரத்தி அறுநூறுக்குக் குறையாதுன்னு எழுதறனுங்கப்பா. அதுக்கு மேல எவ்வளவுன்னு இந்தக் கணக்குக்குத் தெரியாதுன்னும் எழுதறேன். இனிமே எல்லையைத் தாண்டுன மரத்தைக் கம்ப்யூட்டர் தனியா எடுத்து வெக்கும். ஆளு போயி நேர்ல பாக்காம முடிவு பண்ணாது.”

“ஏனுங்க கண்ணு, அந்தக் கணக்குக்கு ஏன் இதைத் தெரியாது?” என்றாள் சாரதாமணி. “அறுபது வரைக்கும் தெரியுதில்ல?”

“அந்தக் கணக்கை எப்படிக் கண்டுபுடிச்சாங்கன்னா, நிறைய மரத்தை அளந்து, வெட்டி, துண்டு துண்டாத் தராசுல வெச்சாங்க. சின்னது, நடுத்தரம், பெருசுன்னு. இந்த அளவுக்கு இத்தனை எடைன்னு அதுல இருந்துதான் ஃபார்முலா வந்துச்சு. அவங்க வெட்டுனதுலயே பெரிய மரம் அறுபது சென்டிமீட்டர். அதனால அதோட நின்னுருச்சுங்க.”

“அப்ப இத்தாப் பெரிய மரத்தை?”

அனுப்ரியா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். நேற்றிலிருந்து அந்த எல்லையை மென்பொருளின் குறை என்றும், தன் குறை என்றும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க கணக்குல இத்தாப் பெரிய மரம் ஒண்ணுகூட இல்லீங்கம்மா” என்றாள் மெதுவாக. “அதை யாரும் வெட்டலீங்க.”

காற்று ஒருமுறை வந்து போனது. நாலைந்து பழங்கள் உதிர்ந்தன. மாரிச்செல்வம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் சிவப்புக் குறியைத் தேய்த்தான். மேலே இருந்தது போயிற்று. பட்டை வெடிப்பில் இறங்கினது போகவில்லை.

“உடுங்க தம்பி. பட்டை உரியறப்ப அதுவாப் போயிரும்” என்றாள் சாரதாமணி. கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அனுப்ரியாவும் குனிந்து பொறுக்கினாள்.

“இந்தத் தடவை கிருத்திகைக்கு ஒரு வெளக்குச் சேத்திப் போடோணும்” என்றாள் சாரதாமணி.

“மரத்துக்குங்களா?”

“மரத்துக்கு எதுக்குங்க கண்ணு? அதுதானே எண்ணெய் குடுக்குது.” கையிலிருந்த கொட்டையை முந்தானையில் துடைத்துக் கூடையில் போட்டாள். “நமக்கு முன்னால இது வழியாப் போயி, வெட்டாம உட்டுட்டுப் போனவங்களுக்கு. அவங்க பேரு நமக்குத் தெரியாதில்ல.”